மெழுகு யாரையும் காப்பாற்றவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் எகிப்தின் அரசர் கல்லறைகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் அருமை, மை கூட இந்த முறை விரலில் ஒட்டவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: 'பெல்சோனி மெழுகில் அச்செடுத்து வைத்ததால்தான் முதலாம் சேத்தியின் சிற்பங்கள் இன்றுவரை காப்பாற்றப்பட்டிருக்கின்றன.' அதைப் படித்த பிறகு காலைக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. 1817 அக்டோபரில் இத்தாலியரான பெல்சோனி, மன்னன் சேத்தியின் கல்லறைக்குள் நுழைந்தார். ஆளுயர உருவங்கள் 182, சிறியவை 800-க்குக் குறையாது என்று கணக்கு எழுதி வைத்தவரும் அவரே. அப்புறம் என்ன செய்தார்? வெறும் மெழுகு அந்த வெக்கையில் வழிந்து ஓடுகிறது என்று, அதோடு பிசினையும் சன்னத் தூளையும் கலந்து குழைத்துச் சுவரில் அப்பினார். உரித்தால் அச்சு மட்டுமா வரும்? மூவாயிரம் வருஷத்து நிறமும் கூடவே பெயர்ந்து வந்தது. அந்த அச்சுகளைக் கொண்டு 1821-இல் லண்டன் பிக்காடிலியில் கல்லறையின் மாதிரியைக் கட்டிக் கண்காட்சியும் நடத்தினார். இதுதான் காப்பாற்றுவது என்றால் தோலை உரிப்பவரையும் வைத்தியர் என்றே சொல்லிவிடலாம்.

எனக்கேன் இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். முப்பத்தொரு வருஷம் கல்வெட்டுகளுக்கு மைப்படி எடுத்தவன் நான். கல்லைக் கழுவி, தாளை நனைத்து ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி, பதமாகக் காய்ந்ததும் உரிக்க வேண்டும். கருங்கல் இதையெல்லாம் தாங்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு கோயில் மண்டபத்தூணில் பழைய சுதைப்பூச்சு ஒட்டிக்கொண்டிருந்தது, அதன்மேல் மங்கலாக வண்ணம். 'ஐயா, இதில் வேண்டாமே' என்றேன். 'சொன்னதைச் செய்' என்றார் மேலதிகாரி. செய்தேன். தாளை உரித்துத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் காவி நிறம். தூணில் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. அதிகாரி தாளின் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு 'எழுத்து நன்றாக வந்திருக்கிறது' என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன் என் மகன் எகிப்தின் லக்சருக்கு அழைத்துப்போனான். சேத்தியின் கல்லறைக்குத் தனிச் சீட்டு. விலையைச் சொன்னால் வீட்டில் திட்டு விழும் என்பதால் இங்கும் எழுதவில்லை. உள்ளே ஒரு வாசல் பக்கத்தில் இரண்டு பெரிய வெட்டுக்காயங்கள் இருக்கின்றன. ஹாத்தோர் தேவியும் மன்னனும் நின்ற பலகைகளை 1829-இல் பெயர்த்துக்கொண்டு போன இடம். ஒன்று பாரீஸின் லூவர் அருங்காட்சியகத்தில், மற்றொன்று இத்தாலியின் ஃப்ளோரன்ஸில். வெட்டச் சொன்னவர் யாரோ திருடன் அல்ல. சித்திர எழுத்தைப் படித்துக் காட்டிய அதே ஷம்போலியன். கூடாது என்று ஒருவர் எழுதியபோது, அழியாமல் காப்பாற்றத்தான் வெட்டுகிறேன் என்கிற பாணியில் பதில் சொன்னார். உங்கள் கட்டுரையாளரும் அதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

தொடாமலே பதிவு செய்தவர்கள் இல்லையா என்ன? பெல்சோனியும் அவரோடு இருந்த ரிச்சி என்பவரும் வரைந்த நீர்வண்ணப் படங்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சுவரில் இன்று இல்லாததும் அந்தத் தாளில் இருக்கிறது. 1920-களில் ஹாரி பர்ட்டன் சுவர் சுவராகப் படம் பிடித்தார். 2016 முதல், அச்சு அசலான நகல் செய்யும் ஃபாக்டம் குழுவினர் லேசர் கருவியைச் சுவரில் படாமல் நிறுத்தி, உளித்தடம் வரைக்கும் அளந்தார்கள். இதற்கெல்லாம் சேர்த்து உங்கள் கட்டுரையில் அரை வரி, அதுவும் 'டூப்ளிகேட் தயாரிப்பு' என்று!

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் நெஃபர்தாரியின் படத்தைப் போட்டு 'பேரழகி நெஃபர்டிட்டி' என்று எழுதினீர்கள். நெஃபர்தாரி சேத்தியின் மருமகள். நெஃபர்டிட்டி அக்கெனாத்தன் என்ற மன்னனின் ராணி, சில தலைமுறை முந்தியவர். நெஃபர்தாரியின் கல்லறையில் பூச்சுக்குப் பின்னால் உப்பு பூத்து, பூச்சே உப்பித் தள்ளிக்கொண்டு வந்தது. 1986 முதல் 1992 வரை பழைய ஓவியங்களைப் பராமரிக்கும் நிபுணர்களான மோரா தம்பதியின் தலைமையில், விழப்போகும் துண்டுகளை ஜப்பானியத் தாள்கீற்றால் தாங்கிப் பிடித்து, பின்பக்கம் ஒட்டவைத்துச் சுத்தம் செய்தார்கள். உதிர்ந்துபோன இடத்தில் புது ஓவியம் எதுவும் தீட்டவில்லை. நான் அப்போதே இதை எழுதினேன். கடிதம் அச்சில் வரவில்லை. அந்த வாரம் ஒரு நடிகையின் நாய்க்குட்டிக்குப் பெயர் வைக்கும் போட்டி நடந்ததால் இடமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று, தயவுசெய்து எல்லாவற்றையும் 'சுவரோவியம்' என்று எழுதாதீர்கள். மன்னன் ஹோரெம்ஹெப்பின் கல்லறையில் வேலை பாதியில் நின்றுவிட்டது. சிவப்பில் முதல் கோடு, தலைமைக் கலைஞர் கறுப்பில் போட்ட திருத்தம், பக்கத்திலேயே உளி செதுக்கத் தொடங்கிய முழங்கால், எல்லாம் வரிசையாகத் தெரியும். செதுக்கிய பிறகுதான் வண்ணம். அது புடைப்புச் சிற்பம். கட்டுரையாளர் ஒரு படத்தையாவது உற்றுப் பார்த்திருக்கலாம்.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், பெல்சோனியின் மெழுகு வண்ணத்தைப் பெயர்த்தது என்று ஒரே ஒரு வரி. இந்தக் கடிதத்தைச் சுருக்குவதென்றால் தாராளமாகச் சுருக்குங்கள். லக்சர் பயணத்தையே எடுத்துவிடலாம். தாளின் பின்பக்கத்துக் காவியை மட்டும் வெட்டாதீர்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்