பெரியப்பா, அது பொம்மை ரயில் இல்லை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடி சூரமங்கலம் வீட்டு மாட்டுக்கொட்டகையைப் பிரித்தாயிற்று. உத்தரமாகக் கிடந்த தண்டவாளத்தை மட்டும் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. துருவைத் தேய்த்துவிட்டுப் பார்த்தேன். தலைப்பகுதி என் மூன்று விரல் அகலம்கூட இல்லை. சேலம் ஜங்ஷனில் கிடப்பதற்குப் பக்கத்தில் வைத்தால் இது குழந்தை. "பொம்மை ரயிலோட தண்டவாளம், தாத்தா ஏலத்துல எடுத்தது" என்பீர்கள். அந்தப் 'பொம்மை'யைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தாது வருஷப் பஞ்சத்தில், 1876-78-ல், மெட்ராஸ் லைன் மொரப்பூர் வழியாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அங்கே இறங்கிய தானியம் உள்ளே தர்மபுரிப் பக்கம் போக மாட்டுவண்டிதான் வழி. மாட்டுக்கே தீவனம் இல்லாத வருஷம் அது. அப்படி இன்னொரு முறை ஆகக்கூடாது என்று போட்ட சின்ன ரயில் பாதை இது. 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரி, 1913-ல் ஓசூர் வரை. அன்றைக்கு அதெல்லாம் நம் சேலம் ஜில்லா.

இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அகலம் 762 மில்லிமீட்டர்தான். பெரிய லைன் 1,676. ஒரே பெட்டி இரண்டிலும் ஓடாது. அதனால் மொரப்பூரில் ஒவ்வொரு மூட்டையும் இந்த வண்டியிலிருந்து அந்த வண்டிக்கு ஆள் தோளில் மாற வேண்டும். தாத்தாவின் வலது தோளில் இருந்த காய்ப்பு அங்கே வந்ததுதானே? நான் சின்னப்பிள்ளையில் தொட்டுப் பார்த்திருக்கிறேன், செருப்புத்தோல் மாதிரி இருக்கும்.

அப்புறம் பஸ்ஸும் லாரியும் வந்தன, வருமானம் போயிற்று. உலகப்போருக்கு இரும்பு வேண்டியிருந்தது. 1941-ல் நிறுத்தி, தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி சின்ன லைனுக்கும் அதே கதி. கிருஷ்ணகிரிக்கு இன்றுவரை ரயில் இல்லை, பெரியப்பா. தர்மபுரிக்கு ஓமலூர் வழியாக வேறு பாதை வந்தது. ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் சென்னை வண்டி பிடிக்க மொரப்பூருக்குத்தான் பஸ் ஏறி வருகிறார்கள். பழைய இணைப்பைத் திரும்பப் போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். பஞ்சத்துக்குச் சோறு கொண்டுபோகப் போட்டதை, எண்பது வருஷமாக ஊர் கேட்டுக்கொண்டிருப்பதை, எப்படிப் பொம்மை என்பது?

அடுத்த மாதம் லோக்கூர், பொம்மிடி தாண்டி மொரப்பூர் போய் இறங்கப் போகிறேன். சின்ன வண்டி ஸ்டேஷனில் எந்தப் பக்கம் வந்து நின்றது என்று தாத்தா உங்களிடம் சொல்லியிருப்பார். போனிலாவது சொல்லுங்கள். தண்டவாளத்தைத் திண்ணையோரம் செங்கல் அடுக்கி அதன் மேல் வைத்திருக்கிறேன். மழை படாது.

உங்கள் தம்பி மகள்