ரெனோ மேட்டுக்கு ஒரு ரேஞ்சரை அனுப்புங்கள்

வாஷிங்டன் ராக் கிரீக் பூங்கா அலுவலகத்தாருக்கு,

வணக்கம். இதன் ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியே வரும். தமிழில் எழுதுவது எங்கள் ஆட்களும் படிக்கட்டும் என்றுதான். வர்ஜீனியா, மேரிலாந்துப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறோம். ஊரிலிருந்து யார் வந்தாலும் லிங்கன் நினைவகம், விண்வெளி அருங்காட்சியகம், வெள்ளை மாளிகை வேலிக்கு முன் ஒரு போட்டோ என்று ஒரே நாளில் முடித்துவிடுவோம். கோடையில் இலவசக் கச்சேரி நடக்கும் உங்கள் ஃபோர்ட் ரெனோ மேட்டுப் பூங்காவுக்கு யாரையும் கூட்டிப்போனதில்லை.

நானே அங்கே முதலில் ஏறியது ஃபுகாஸி என்ற இந்த ஊர் ராக் கோஷ்டியைப் பார்க்கத்தான். ஒய்2கே, அதாவது 2000-ம் ஆண்டுக் கணினிக் கோளாற்றைச் சரிசெய்யும் வேலைக்காக வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். என் அறைத்தோழன் வேலூர்க்காரன், ஃபுகாஸிப் பைத்தியம் அவனுக்கு முன்பே உண்டு. “இன்னிக்கு ஃபுகாஸி வாசிக்கிறாங்க, டிக்கெட்டே கிடையாது, வர்றியா?” என்றான். சத்தியமாகச் சொல்கிறேன், டிக்கெட் கிடையாது என்றதால்தான் கிளம்பினேன். மெட்ரோ ரயிலின் ரெட் லைனில் டென்லிடவுனில் இறங்கி ஐந்து நிமிடம் மேடேறினால் புல்வெளி. நகரத்திலேயே உயரமான இடம், 409 அடி. ஒரு பக்கம் கோட்டைக் கொத்தளம் போல ஒரு கோபுரம், கீழே சின்ன மேடை. குழந்தையைத் தோளில் வைத்த அப்பாக்கள், நாய்கள், ஸ்கேட்போர்டுப் பையன்கள். மது கூடாது. போர்வையை விரித்துப் புளியோதரை டப்பாவைத் திறந்தோம்.

அவர்கள் வாசிக்கும் போஸ்ட்-ஹார்ட்கோர் என்ற பங்க் இசை வகை என்றால் என்ன என்று அவன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தது மண்டையில் ஏறவில்லை. அங்கே ஏறியது. முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்த பாட்டை நால்வரும் ஒரே நொடியில் நிறுத்தினார்கள். முடிந்துவிட்டது என்று நான் கைதட்டிவிட்டேன், என் ஒருவன் கைத்தட்டு மட்டும் கேட்டது. அடுத்த நொடி நால்வரும் ஒன்றாக வந்து விழுந்தார்கள். எங்கள் ஊர்க் கோயிலில் தவில்காரர் தீர்மானம் வைக்கும்போது வயிற்றில் விழும் அதே அடி. காதில் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைத்திருந்தும் இரண்டு நாள் ரீங்காரம் போகவில்லை.

அப்புறம் அந்த இசையைத் தேடித்தான் இந்த ஊரைச் சுற்றினேன். பிளாக் கேட் என்ற இசைக் கிளப்புக்காக பதினான்காம் தெருவுக்குப் போனேன், 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது எரிந்த தெரு அது என்று தெரிந்தது. 9:30 என்ற பெயருள்ள இன்னொரு கிளப்புக்காக யூ ஸ்ட்ரீட் பக்கம் போனேன், ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் வளர்ந்த பேட்டை அது என்று தெரிந்தது. ஆனால் முதலில் ஏறிய அந்த மேட்டைப் பற்றி எனக்குப் பதினைந்து வருடம் ஒன்றும் தெரியாது. அதுதான் என் குறை. குறை என்மேல்தான்.

அந்த மேடு அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலக் கோட்டை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். கோட்டையை அண்டிக் கறுப்பின மக்கள் குடியேறியதும், போர் முடிந்து நிலம் சிறு மனைகளாக விற்கப்பட்டு ரெனோ சிட்டி என்று ஒரு ஊரே அங்கு இருந்ததும் பின்னால்தான் தெரிந்தது. பூங்காவுக்கும் நீர்த்தேக்கத்துக்கும், வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளிகளுக்கும் என்று அந்த வீடுகளை அரசு ஒவ்வொன்றாக வாங்கி இடித்தது. கறுப்பினக் குழந்தைகளுக்காக 1903-ல் கட்டிய ஜெஸ்ஸி ரெனோ பள்ளிக் கட்டடம் இன்னும் நிற்கிறது. எத்தனையோ கோடைகள் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஏதோ ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டு.

ஃபுகாஸியின் பாடகர் இயன் மெக்கே படித்ததும் பக்கத்திலுள்ள உயர்நிலைப் பள்ளியில்தான். அப்போது வில்சன் பள்ளி. 2022-ல் ஜாக்சன்-ரீட் என்று பெயர் மாறியது: எட்னா ஜாக்சன் அங்கே வேலை பார்த்த முதல் கறுப்பின ஆசிரியை, வின்சென்ட் ரீட் முதல் கறுப்பினத் தலைமையாசிரியர். டிக்கெட்டை ஐந்து டாலர் அளவிலேயே வைப்போம், எந்த வயதினரையும் வெளியே நிறுத்த மாட்டோம் என்ற கோஷ்டி, ஒரு ஊரையே வெளியேற்றிய மண்ணில் வாசித்தது. இது தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்த இசையை நான் வேறு மாதிரி கேட்டிருப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2014-ல் போலீஸ் காவலுக்கான செலவை நடத்துபவர்களே ஏற்க வேண்டும் என்ற பேச்சில் கச்சேரிகள் ரத்து என்றே அறிவிப்பு வந்தது. காங்கிரஸில் வாஷிங்டனின் அன்றைய பிரதிநிதி எலினோர் ஹோம்ஸ் நார்ட்டன் தலையிட்ட பிறகுதான் நடந்தது. இனி அந்தப் பேச்சு வேண்டாம். 1968-லிருந்து இலவசமாக நடப்பது அப்படியே நடக்கட்டும்.

இன்னொன்று. கச்சேரி நாட்களில் மாலை ஆறு மணிக்கு டென்லிடவுன் நிலைய வாசலுக்கு ஒரு ரேஞ்சரை, அதாவது உங்கள் பூங்கா ஊழியர் ஒருவரை, அனுப்புங்கள். ரெனோ சிட்டியின் கதையைச் சொல்லிக்கொண்டே ரெனோ பள்ளி வழியாக மேடைக்கு நடக்க அரை மணி நேரம் போதும். வேறு ஊரிலிருந்து பாட்டுக்காக வருகிறவர்கள் எப்படியும் சீக்கிரமே வந்து, எங்கே போவது என்று தெரியாமல் அந்த வாசலில்தான் நிற்பார்கள். முதல் நாளே பத்துப் பேரைச் சேர்த்துக் கூட்டிவருவது என் பொறுப்பு. புளியோதரையும்.

இப்படிக்கு,
அன்று நடுப்பாட்டில் கைதட்டியவன்