உலை கொதித்துக்கொண்டிருந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. அன்றைக்கு நீ கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் நடத்திய படுகொலையிலிருந்து தப்பிப் பிழைத்த யூதர்கள் பேசியதை எழுத்தில் சரிபார்க்கிற வேலை உனக்கு. ஒரே சொல்லை நாலு தரம் சொல்கிறார்கள், பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், மாதத்தை மாற்றிச் சொல்கிறார்கள். படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால் என்ன என்று கேட்டாய்.

வேண்டாம், பாப்பா.

நான் கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்தது உனக்குத் தெரியும். சாட்சி தன் பேச்சில் சொல்வார், நீதிபதி அதைச் சுருக்கிச் சொல்வார், நான் அடிப்பேன். ஒரு கொலை வழக்கில் ஒரு பாட்டி, "அடுப்புல உலை கொதிச்சிக்கிட்டு இருந்துச்சு, இறக்கி வைக்காமயே ஓடுனேன்" என்றார். நான் அடித்தது: "சத்தம் கேட்டு சம்பவ இடத்திற்குச் சென்றேன்." அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டி அதில் இல்லை. வழக்கு என்ன ஆயிற்று என்பதே மறந்துவிட்டது, உலை மட்டும் மறக்கவில்லை.

நீ அனுப்பிய குறிப்புகளில் டேவிட் போடர் என்ற மனிதர்தான் எனக்குப் பிடித்தவர். லாட்வியாவில் பிறந்து சிகாகோவில் உளவியல் சொல்லிக்கொடுத்தவர். 1946 கோடையில், இரும்புக் கம்பியில் குரலைப் பதிகிற ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பாவின் அகதி முகாம்களுக்குப் போனார். சுமார் 130 பேர், ஒன்பது மொழிகள். அவரவருக்கு வாய்த்த மொழியில் பேசச் சொன்னார். பல இடங்களில் ஒன்றுமே தெரியாதவர் மாதிரிக் கேட்கிறார், குறுக்கே விழுகிறார். எனக்கே எரிச்சல் வந்தது. ஆனால் அவர் அப்படிக் கேட்டதால்தான் எதிரில் இருந்தவர் ரயில் பெட்டியில் எத்தனை பேர், தண்ணீர் எங்கே என்று ஒவ்வொன்றாக விளக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் பெயர்த்தபோதும் உடைந்த வாக்கியத்தை உடைந்தபடியே விட்டார். 70 பேர் சொன்னதை எழுதுவதற்குள் பணம் தீர்ந்துபோயிற்று. 1961-ல் காலமானார்.

போலந்தின் வார்சாவில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதி, கெட்டோ என்பார்கள், அங்கே ரகசியமாக ஆவணம் சேர்த்த ரிங்கல்ப்ளூம் என்ற வரலாற்றாசிரியரின் குழுவும் இப்படித்தான். நாட்குறிப்பு, வாக்குமூலம் மட்டுமா சேர்த்தார்கள்? டிராம் டிக்கெட், ரேஷன் கூப்பன், மிட்டாய்க் காகிதம் எல்லாம் சேர்த்தார்கள். எது தேவைப்படும் என்று பின்னால் வருகிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்ற நினைப்பு. 1942 ஆகஸ்டில் தகரப் பெட்டிகளிலும், அடுத்த வருஷம் பால் கேன்களிலும் போட்டுப் புதைத்தார்கள். துப்பாக்கி எடுத்தவர்களைத்தான் எதிர்த்து நின்றவர்கள் என்கிறோம். மண்வெட்டி எடுத்தவர்களையும் சேர்த்துக்கொள். அந்தக் குழுவில் மிஞ்சியது மூன்றே பேர். அதில் ஒருத்தி ராஹேல் அவர்பாக், கெட்டோவில் கஞ்சித்தொட்டி நடத்தியவள். போர் முடிந்ததும் "தோண்டுங்கள்" என்று விடாமல் கேட்டாள். 1946-ல் பெட்டிகளும் 1950-ல் கேன்களும் கிடைத்தன. மூன்றாவதாகப் புதைத்த தொகுப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. பிறகு ஜெருசலேமில் இந்தப் படுகொலைக்கான நினைவகமான யாத் வஷெமில் வாக்குமூலப் பிரிவையே அவள்தான் நடத்தினாள்.

யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களை அங்கே கௌரவிக்கிறார்கள் இல்லையா, இதுவரை 28,000 பேருக்கு மேல். அதற்கும் முக்கிய ஆதாரம் பிழைத்தவரின் வாக்குமூலம்தான். கோர்ட்டில் இருந்தவளுக்கு இது புரியும். நீ தட்டிச் சீராக்குகிற வரியில்தான் கதவைத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரி இருப்பாள்.

தேதி தப்பாக இருந்தால் அடிக்குறிப்பில் சரியானதைப் போடு. வாயிலிருந்து வந்ததைத் தொடாதே. மௌனத்தையும் எழுது. பத்து விநாடி என்றால் பத்து விநாடி.

இன்னொன்று. போடர் பாரிசுக்கு வடக்கே எனோன்வில்லில் பதிந்த பாட்டுகள் காணாமல் போய், எழுபது வருஷம் கழித்து அமெரிக்காவின் அக்ரான் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டனவாமே? உறையில் ஊர்ப்பெயர் தப்பாக இருந்ததாம். பேர் எழுதும்போது கவனமாக இரு.

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹெட்போனை மாட்டாதே, தூக்கம் வரவில்லை என்று நீதானே சொன்னாய். அந்தப் பாட்டு கிடைத்தால் எனக்கு அனுப்பு. அந்த யூதர்கள் பேசிய இத்திஷ் மொழி எனக்குத் தெரியாது. அனுப்பு, கேட்கிறேன்.

அம்மா