செல்விக்கு, கயல் மாத்திரை விஷயமாக

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவன் பிளஸ் டூ என்பதால் வீட்டில் எல்லோருக்கும் பரீட்சை. உங்கள் வீட்டுச் சேதியைப் போனிலேயே கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ "கயல் அந்த வைட்டமின் மாத்திரையை மூணு நாள் விட்டுட்டாளாம்" என்றபோதே, பக்கத்தில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருக்கிறார், கருத்தடை மாத்திரையைத்தான் வைட்டமின் என்கிறாய் என்று புரிந்துவிட்டது. ஹாஸ்டலில் வார்டன் சிஸ்டர் கதவைத் தட்டினால் இதே குரலில்தான் "படிக்கிறோம் சிஸ்டர்" என்பாய். இத்தனை வருஷமாகியும் உனக்குப் பொய் வரவில்லையடி.

அன்று ராத்திரியே உன் மகளிடம் பேசிவிட்டேன். அவள் சொல்லச் சொன்னதால்தான் உனக்கு இவ்வளவும் எழுதுகிறேன். முதலில் உன்மேல் எனக்குள்ள கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். "மூணு நாள் விட்டாச்சு, இனி எதுக்கு, நிறுத்திடு" என்று அவளிடம் சொன்னாயாமே! கருத்தடை மாத்திரை விஷயத்தில் பெண்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். மறந்ததைச் சரி செய்துவிடலாம். பயந்துபோய் அட்டையையே தூக்கிப் போட்டால் பாதுகாப்பு முழுசாகப் போய்விடும். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இப்போது குழந்தை வேண்டாம் என்று அவளும் மாப்பிள்ளையும் பேசி எடுத்த முடிவு அது.

அவள் விட்டது அட்டையில் 16, 17, 18-ஆவது மாத்திரைகள் மூன்றும். நைட் ஷிஃப்டும் பகல் ஷிஃப்டும் மாறி மாறி வந்ததில் விட்டுப்போயிருக்கிறது. கடைசியாக விட்ட 18-ஐ உடனே போடச் சொன்னேன். 16, 17 இரண்டையும் போட வேண்டாம், சேர்த்து விழுங்கினால் வாந்திதான் வரும். அன்றைய 19-ஐ வழக்கமான நேரத்தில் போட்டுவிட்டாள். ஒரே நாளில் இரண்டு போட்டதில் பயமில்லை. அதற்கப்புறம் தினமும் ஒன்று. ஏழு நாள் வரிசையாக மாத்திரை உள்ளே போகும்வரை ஆணுறை, இல்லையென்றால் சேராமல் இருப்பது. ஒன்றே ஒன்று மறந்திருந்தால் இதெல்லாம் தேவையில்லை. ஞாபகம் வந்தவுடன் போட்டுவிட்டு வழக்கம்போல் தொடரலாம். நாலைந்து மணி நேரம் பிந்துவதை இந்த வகை மாத்திரையில் மறந்த கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஷிஃப்ட் மாறும் நாளில் அவள் பதறுவது இதற்குத்தான்.

இப்போது சொல்லப் போவதுதான் முக்கியம், கவனமாகப் படி. அட்டையில் 28 மாத்திரை இருந்தால் கருவைத் தடுப்பது 21 மட்டும்தான். நிறம் மாறியிருக்கும் கடைசி ஏழும் இங்கே ஆஸ்பத்திரியில் நாங்கள் கொடுக்கும் "மாலா-என்" என்ற கருத்தடை மாத்திரை அட்டையில் இரும்புச்சத்து மாத்திரைகள். அந்த ஏழு நாளில் சினைப்பை மெல்ல வேலையைத் தொடங்கும். எட்டாம் நாள் புது அட்டை போட்டால் மறுபடி அடங்கிவிடும். இடைவெளி பத்து நாள், பதினொரு நாள் என்று நீண்டால் கருமுட்டை முதிர்ந்து வெளியே வந்துவிடலாம். அதனால் அட்டையின் நடுவில் ஒன்றிரண்டு விடுவதைவிட, முதல் வாரத்தில் விடுவதும் புது அட்டையைத் தாமதமாகத் தொடங்குவதும்தான் ஆபத்து. கயல் விட்டது மூன்றாவது வாரம். 21-ஐ முடித்ததும் அந்த ஏழைத் தொடாமல் மறுநாளே புது அட்டையைத் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். முதல் 15 மாத்திரையும் தவறாமல் போட்டிருந்ததால், சேர்ந்த பிறகு கரு நிற்காமல் இருக்கப் போடும் அவசர மாத்திரைக்கு வேலையில்லை.

இங்கே ஒரு பெண் மஞ்சள் பையிலிருந்து அட்டையை எடுத்து என் மேசைமேல் வைத்து அழுதாள். நிறம் மாறிய ஏழும் பிரிக்காமல் அப்படியே இருந்தன. அவள் பயமெல்லாம் அந்த ஏழைப் போடவில்லையே என்பதுதான். அதனால் ஒன்றுமில்லை. ஆனால் திருவிழாவுக்கு ஊருக்குப் போன இடத்தில் புது அட்டையை நாலு நாள் தாமதமாகத் தொடங்கியிருக்கிறாள், அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. முந்தின நாள்தான் புருஷனோடு இருந்திருக்கிறாள். 72 மணி நேரத்துக்குள் வந்துவிட்டதால் அவசர மாத்திரை கொடுத்தோம், தப்பித்தாள். எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு பலன். ஐந்து நாளுக்குள் கருப்பையில் காப்பர் டி போட்டால் அதைவிட உறுதி. இந்த அவசர மாத்திரையை நம் ஊர் மெடிக்கல்களில் போய்க் கேட்டுப் பார், பல கடைகளில் வைத்திருப்பதே இல்லை. கேட்ட பெண்ணை மேலும் கீழும் பார்க்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது செல்வி. அவள் எங்கே போவாள்?

ஒரு வருஷம் தவறாமல் போட்டால் நூறு பேரில் ஒருவருக்குக்கூடக் கரு நிற்காது. மறதியோடு, எல்லோரும் போடுகிற மாதிரி போட்டால் ஏழு பேருக்கு நிற்கிறது. அதனால் மாத்திரைக்கென்று போனில் தனி அலாரம் வைக்கச் சொன்னேன். மாப்பிள்ளையே தன் போனிலும் வைத்துக்கொண்டானாம். நல்ல பையன், உன் தேர்வை இந்த ஒரு விஷயத்தில் மெச்சுகிறேன்!

போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சில வலிப்பு மருந்துகள் சாப்பிட்டால் மாத்திரையின் பலன் குறையும், டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். உன் தங்கை போடுகிற "சாயா" என்ற கருத்தடை மாத்திரை வேறு வகை, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. கயலுக்குச் சொன்னதை அவளிடம் சொல்லிக் குழப்பாதே. அவளை என்னிடம் பேசச் சொல்.

கடைசியாக ஒன்று. இடைவெளி விடாமல் அடுத்த அட்டைக்குப் போவதால் கயலுக்கு இந்த முறை மாதவிலக்கு வராமல் போகலாம், நடுவில் லேசாகத் திட்டுத் திட்டாகப் படலாம். இரண்டுக்கும் பயந்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. சம்பந்தியம்மா நாள் எண்ணிக்கொண்டு "என்ன, விசேஷமா?" என்று கேட்டால் நீ முகத்தை மாற்றிவிடாதே, உன் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அவரிடம் எதைச் சொல்வது என்பதைக் கயலும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்வார்கள். சந்தேகமாகவே இருந்தால் மூன்று வாரம் கழித்து சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன், டியூட்டியில் இருந்தாலும் எடுப்பேன்.

நார்த்தங்காய் ஊறுகாய் போட்டாயிற்று. தம்பி அந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். போன தடவை மாதிரி பாட்டிலைத் திருப்பித் தராமல் இருந்துவிடாதே.

உன்,
வசந்தா