காற்றுக்கு ஒரு சட்டை, மழைக்கு ஒரு சட்டை

பொள்ளாச்சி,
ஆனி 12

அன்புள்ள கலைச்செல்வி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பணி ஓய்வு பெற்ற கையோடு ஆகஸ்டில் இமாசலப் பிரதேசத்து ஹம்ப்தா கணவாய் ஏறப் பணம் கட்டிவிட்டாய் என்று படித்ததும், முப்பது ஆண்டு பள்ளிக்கூட மணிக்குக் கட்டுப்பட்டிருந்தவள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பதுபோல் இருந்தது. சுமைக்குக் கோவேறு கழுதை வேண்டாம், ஏழு கிலோவுக்குள் முடித்து நானே சுமப்பேன் என்று எழுதியிருந்தாயே, அது இன்னும் பிடித்தது. கடிதத்தின் கடைசியில் நீ போகிறபோக்கில் கேட்டிருந்த கேள்விக்குத்தான் இந்த நீண்ட பதில். "20,000/20,000" என்று சீட்டுத் தொங்கும் மூன்றடுக்கு மழை ஜாக்கெட்டை 18,000 ரூபாய் கொடுத்து வாங்கலாமா என்கிறாய். பொறு. நான் அப்படி ஒன்றை வாங்கி, அதற்குள்ளேயே நனைந்தவள்.

அந்தக் கதையை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை, வெட்கம்தான் காரணம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே ஹம்ப்தாவில், பாலு கா கேரா முகாமிலிருந்து கணவாய்க்குப் புறப்பட்ட காலையில் பூந்தூறலாகத்தான் இருந்தது. விலை கொடுத்து வாங்கிய பொருளாயிற்றே என்று ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு நடந்தேன். அங்கிருந்து கணவாய் வரை அறுநூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஏற்றம். பாதி வழியிலேயே முதுகில் நீர் வழிவதை உணர்ந்தேன். ஜாக்கெட் ஒழுகுகிறது என்று முடிவுகட்டினேன். சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் கணவாயின் முகட்டில் நின்றபோது மறுபுறத்து லாஹௌல் பள்ளத்தாக்குப் பக்கத்திலிருந்து காற்று வந்து மோதியது. உள்ளே பருத்திச் சட்டை பிழிந்தால் சொட்டும் நிலை. மறுபக்கம் சியாகோரு முகாமுக்கு இறங்கும் செங்குத்தான வழி முழுவதும் பற்கள் தந்தியடித்தன. கூடாரத்துக்குள் விழுந்து, உலர்ந்த துணி மாற்றி, இரண்டு குவளை தேநீர் குடித்த பிறகுதான் விரல்கள் மடங்கின.

ஊர் திரும்பியதும் கடைக்காரரோடு சண்டை போடக் கிளம்பினேன். அதற்கு முன், சாட்சி வேண்டுமே என்று, ஜாக்கெட்டின் ஒரு கையை மணிக்கட்டில் இறுக்கிக் கட்டி, அதற்குள் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, இரவு முழுவதும் குளியலறைக் கொக்கியில் தொங்கவிட்டேன். காலையில் தரை உலர்ந்திருந்தது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மலையில் என்னை நனைத்த நீர் வானத்திலிருந்து வந்ததல்ல, என்னிடமிருந்தே வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. சண்டையும் நின்றது.

நீ முப்பது ஆண்டு இயற்பியல் நடத்தியவள் என்பதால் அதை உன் பாடத்தின் மொழியிலேயே சொல்கிறேன். சீட்டிலுள்ள முதல் 20,000 நீர்த்தம்பத்தின் உயரம், மில்லிமீட்டரில்; அதாவது இருபது மீட்டர் நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். நமக்கு அவ்வளவு தேவையில்லை. பைப்பட்டை அழுத்தும் தோளில்கூட 10,000 போதுமென்பது என் அனுபவம். இரண்டாவது எண், ஒரு சதுர மீட்டர் துணி இருபத்து நான்கு மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவியை வெளியே விடும் என்பது. கேட்க அழகாக இருக்கிறது. மணிக்கு 830 கிராம் வருகிறது. செங்குத்தில் சுமையோடு ஏறும் மனித உடல் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்க்கக்கூடும் என்பதால் ஏறக்குறைய கணக்கு நேராகிவிட்டதுபோலத் தோன்றும். ஆனால் இந்த எண்ணை அளக்கும் முறைகள் பல. ஒன்றில் நீருள்ள கிண்ணத்தின் மேல் துணியைக் கட்டி, ஆவி போவதை எடைபோடுகிறார்கள். வேறொன்றில் நீரை வெறிகொண்டு உறிஞ்சும் உப்புக்கரைசலைத் துணியின் மறுபுறம் வைத்து இழுக்கிறார்கள். ஒரே துணிக்கு இரண்டு முறையும் முற்றிலும் வெவ்வேறு எண்ணைத் தரும். எந்த முறை என்று சீட்டில் பெரும்பாலும் இருப்பதில்லை. எந்த மலையிலும் நம் ஜாக்கெட்டுக்கு வெளியே உப்புக்கரைசல் காத்துக்கொண்டிருப்பதுமில்லை.

ஐப்பசி அடைமழையில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் ஈரம் போகாமல் இருப்பதை நினைத்துக்கொள். ஜாக்கெட் துணியின் நடுவே நீரைத் தடுத்து ஆவியை மட்டும் விடும் சவ்வுக்கும் அதே கதைதான். ஆவியை வெளியே தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஆவி அழுத்த வேறுபாடு. 33 பாகையில் வியர்த்து நிற்கும் தோலருகே அது சுமார் 50 ஹெக்டோபாஸ்கல். வால்பாறை மழைக்காட்டில் 25 பாகையில், ஈரம் நிறைந்த காற்றில், வெளியே சுமார் 32; ஆக வேறுபாடு 18தான். கணவாய் உயரத்தில் 5 பாகை என்றால் வெளியே சுமார் 9, வேறுபாடு 41. நம் ஊர்ப்பக்கத்து மழையில் இந்தச் சவ்வுத்துணி ஏன் இட்லிக் கொப்பரையாகிவிடுகிறது என்பதற்கு இதுவே விடை. அப்படியானால் குளிர்மலையில் நன்றாக வேலை செய்யுமே என்பாய். ஓரளவு செய்யும், ஆனால் துணியே குளிர்ந்துபோவதால், ஐஸ் தண்ணீர் வைத்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல், ஜாக்கெட்டின் உட்புறம் வியர்க்கத் தொடங்கும்.

சவ்வைக் குறை சொல்வதாக எண்ணாதே. 1969இல் பாப் கோர் என்பவர் சூடாக்கிய டெஃப்லான் தண்டை மெதுவாக இழுத்து இழுத்து அறுந்துபோன சலிப்பில் வெடுக்கென்று இழுத்தபோதுதான், அது பல மடங்கு நீண்டு நுண்துளைகள் நிறைந்த பொருளானது. அதிலிருந்து பிறந்த கோர்டெக்ஸ் துணி 1976இல் விற்பனைக்கு வந்தது. நீர்த்துளி நுழைய முடியாமல் ஆவி மட்டும் நுழையும் துளைகள் என்பது இன்றைக்கும் வியப்புத்தான். ஆனால் அந்தத் துளைகளுக்கு வெளியே ஒரு மேல்துணி இருக்கிறது. அதன்மேல் நீர்விலக்குப் பூச்சு இருக்கிறது. பூச்சு தேய்ந்து மேல்துணி தண்ணீரைக் குடித்துவிட்டால், சவ்வின் வாசலில் நீர்ப்படலம் ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்துகொள்கிறது. ஆவிக்குப் போக இடமில்லை. என்னுடைய ஜாக்கெட்டுக்கு நேர்ந்தது இதுவும்தான்: புறப்படுவதற்கு முன் வழக்கமான துணிதுவைக்கும் தூளைப் போட்டு ஊறவைத்து அலசியிருந்தேன். அந்தத் தூளின் மிச்சம் துணியில் தங்கி நீரை வரவேற்கும். இதற்கென்று விற்கும் திரவத்தில் துவைத்து, நன்றாக அலசி, உலர்ந்தபின் மேலே ஒரு மெல்லிய துணி விரித்து இஸ்திரிப்பெட்டியை மிதமான சூட்டில் ஓட்டினால் பூச்சு மீண்டும் உயிர்பெறும். ஃப்ளோரின் கலவாத புதுப் பூச்சுகள் சுற்றுச்சூழலுக்கு நல்லவை என்றாலும் எண்ணெய்ப்பிசுக்குக்குச் சீக்கிரம் தோற்றுவிடுகின்றன. ஆகவே அடிக்கடி துவைக்க வேண்டும். துவைத்தால் கெட்டுவிடும் என்று பத்திரப்படுத்துவது நம் பட்டுப்புடவைப் புத்தி.

சரி, என்ன வாங்குவது? நான் முதலில் காற்றுச் சட்டையை வாங்கச் சொல்வேன். சவ்வோ பூச்சுப்படலமோ இல்லாமல், 10 முதல் 20 டெனியர் (நூலின் பருமனைச் சொல்லும் அளவு) நைலான் நூலில் நெருக்கி நெய்த, தலைமூடியுள்ள மெல்லிய சட்டை. என்னுடையது சமையலறைத் தராசில் 85 கிராம். சுருட்டினால் ஒரு சாத்துக்குடி அளவு. ஹம்ப்தா நடையில் பெரும்பாலான நேரம் உனக்குத் தேவை அதுதான், ஏனெனில் மழை நின்று நின்று பெய்யும், காற்று நிற்பதே இல்லை. தூறலில் சற்று நனையும். பத்து நிமிடம் நடந்தால் உடற்சூட்டிலேயே உலர்ந்துவிடும். வியர்வை உள்ளே தேங்காது. கடையில் இதைத் தேர்வதற்கு ஒரு எளிய சோதனை: துணியில் வாயை வைத்து ஊது. காற்று துளியும் போகாவிட்டால் அது மறைமுகப் பிளாஸ்டிக். தாராளமாகப் போனால் கணவாயில் உதவாது. முக்கிமுனகி ஊதிச் சிறிது போவது நல்லது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த நானும் ஆரியங்காவுக் காற்றில் வளர்ந்த நீயும் காற்றைப் பற்றிப் பிறரிடம் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். நம் ஆடிக்காற்று சேலையைத்தான் பறக்கவிடும், அங்கே வீசுவது நனைந்த உடம்பின் சூட்டை உருவிக்கொண்டு போகும்.

அதற்கு உள்ளே பருத்தி வேண்டாம். மெல்லிய கம்பளிச் சட்டை, அல்லது அதற்கும் உள்ளே ஒரு வலைபனியன். ஆம், நம் அப்பாக்கள் போட்டுக்கொண்ட அதே வகைதான். நார்வே ராணுவ அதிகாரி ஒருவர் 1930களில் மீன்வலையிலிருந்து அப்படியொன்றைச் செய்து பார்த்தாராம். ஈரச் சட்டை தோலோடு ஒட்டாமல் அது பிரித்து வைக்கிறது. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை ஈர்த்துக்கொண்டும் நனைந்ததாகக் காட்டிக்கொள்ளாது. வால்பாறையில் என் அத்தை வீட்டுக்குப் போகும் நாள்களில், கொட்டும் மழையில் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகும் பெண்களைப் பார்த்து இரக்கப்படுவேன். அவர்கள் என்னைவிட விவரமானவர்கள். ஹம்ப்தா வழியில் காங்ராப் பக்கத்திலிருந்து லாஹௌல் மேய்ச்சலுக்கு ஆடு ஓட்டிச்செல்லும், கத்தி (Gaddi) என்ற மலைச் சமூகத்து இடையர்களையும் நீ பார்க்கக்கூடும். தடித்த கம்பளியங்கியை இடுப்பில் கறுப்புக் கம்பளிக் கயிறு சுற்றிக் கட்டியிருப்பார்கள். அந்தக் கயிற்றைக் கவனி. அதை இறுக்கியும் தளர்த்தியும் உள்ளே காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். எடையைச் சொன்னால் உன் ஏழு கிலோவுக்கு அடங்காது.

மழைக்கான மேலாடையைப் பொறுத்தவரை என் முடிவு இது: சவ்வை நம்பாதே, வாசல்களை நம்பு. இலேசான, ஒரு சுற்றுப் பெரியதாக, பின்பக்கத்தை மறைக்கும் நீளமுள்ள, அக்குளில் நீண்ட ஜிப் உள்ள ஜாக்கெட்டே போதும். தையல்களின் உட்புறம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார். 6,000 ரூபாய்க்குள் 250 கிராமில் கிடைக்கும். மழை வலுக்கும்போது மட்டும் அதைப் போடு, அக்குளைத் திறந்து வை, நடையைக் குறை. வியர்க்காத வேகத்தில் நடப்பதே முதல் மழையாடை. வழிகாட்டி முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். காலுக்கு மழைக்காற்சட்டை வேண்டாம், மழைப்பாவாடை வாங்கு. சிரிக்காதே, இடுப்பில் சுற்றி ஒட்டும் நீர்புகாத் துணி, 60 கிராம், கீழே முழுக்கக் காற்றோட்டம், ஓடையைக் கடக்கும்போது தூக்கிச் செருகிக்கொள்ளலாம். இதற்கு வெளிநாட்டுக்காரர்களிடம் போய் நாம் பாடம் கற்க வேண்டியிருந்தது! ஜோப்ராவிலிருந்து சீக்கா வரையிலான முதல் நாள் மரச்சரிவுகளில் குடையே போதும், அமெரிக்காவில் எடைகுறைந்த நடையைப் பரப்பிய ரே ஜார்டைன் குடைக்காரர்தான். ஆனால் கணவாய் நாளில் குடையைப் பைக்குள் வைத்துவிடு. பையையும் சேர்த்து மூடும், தலைவழியே மாட்டும் மழைப்போர்வையான போன்சோ நல்ல யோசனைதான், ஆனால் கணவாய்க் காற்றில் அது கப்பல் பாயாகிவிடும்.

எம்மா கேட்வுட் என்ற பாட்டி 1955இல், தம் 67ஆம் வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலை நெடுவழி முழுவதையும் தோளில் ஒரு துணிப்பையும் மழைக்குக் குளியலறைத் திரையும் வைத்துக்கொண்டு தனியாக நடந்து முடித்தார். நமக்கு அதைவிட ஒன்பது வயது குறைவு. அவரைப்போல் திரையைத் தூக்கிக்கொண்டு போ என்று சொல்லவில்லை. 18,000 ரூபாயை எடுத்து வைப்பதற்கு முன் அந்தத் திரையை ஒருமுறை நினைத்துக்கொள் என்கிறேன்.

இன்னொன்று, இதில் மட்டும் பேரம் இல்லை. ஒரு ஜோடிக் கம்பளி உள்ளாடையையும் காலுறையையும் நீர்புகாப் பையில் கட்டி, நடக்கும்போது எக்காரணம் கொண்டும் தொடாமல், தூங்குவதற்கென்றே வைத்திரு. பகலில் நனைவாய், நனைந்தால் பாதகமில்லை; இரவில் நனைந்திருக்கக் கூடாது. சியாகோருவில் என்னைக் காப்பாற்றியது அந்தப் பைதான்.

என்னுடைய காற்றுச் சட்டையைத் தனிப் பொட்டலமாக நாளை அஞ்சலில் சேர்க்கிறேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதாகப் பேரன் சொன்னான். ஒரு காலையில் அதைப் போட்டுக்கொண்டு, முதுகில் ஐந்து கிலோ அரிசி வைத்து, ஐந்தருவிச் சாலையில் வேகமாக ஒரு மணி நேரம் நட. திரும்பியதும் உள்சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. முதுகு எவ்வளவு நனைந்தது, தோள் எவ்வளவு நனைந்தது என்று தனித்தனியாக எழுது. அது வந்த பிறகு மழை ஜாக்கெட்டின் அளவைப் பேசுவோம். அதுவரை அந்தக் கடைப்பக்கம் போகாதே.

அன்புடன்,
வசந்தா