ஆதரவா, எதிர்ப்பா என்று கேட்டவனுக்கு

சேலம்

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து நீ மறுபடி படியேற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே நலம். அக்கா மகன் ஏற்காட்டுத் தோட்டத்தை இப்போது முழுதாகக் கவனிக்கிறான். இந்த வருஷம் பூ மழை தவறாமல் பெய்தது, காப்பிச் செடி நன்றாகப் பூத்தது என்கிறான். கோடை விழாக் கூட்டம் குறையட்டும் என்று நான் இன்னும் மேலே போகவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "எட்டு வழிச்சாலைக்கு நீ ஆதரவா, எதிர்ப்பா? சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் சொல்" என்று எழுதியிருந்தாய். அதே கடிதத்தில், அரசியல் பேசப்போய் உன் மச்சானோடு பேச்சே நின்றுவிட்டது என்றும் எழுதியிருந்தாய். எனக்கு இரண்டும் ஒரே விஷயமாகத்தான் தெரிகிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

2018இல் அந்தச் சாலையை அறிவித்தபோது இங்கே டீக்கடை, கல்யாணப் பந்தி, பஸ் ஸ்டாண்ட் என்று எங்கே போனாலும் அதே பேச்சுதான். சென்னையிலிருந்து சேலம் வரை 277 கிலோமீட்டர், ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய், ஐந்து மாவட்டங்கள். ஆதரவு என்று சொன்னால் விவசாயிக்குத் துரோகி, எதிர்ப்பு என்று சொன்னால் வளர்ச்சிக்கு விரோதி. வாயைத் திறப்பதற்குள் நம்மை ஒரு பக்கம் உட்கார வைத்துவிடுவார்கள்.

உட்கார்ந்து யோசித்தால் அந்த ஒரு கேள்விக்குள் பல கேள்விகள் இருக்கின்றன. சேலத்திலிருந்து சென்னைக்கு இன்னும் சீக்கிரம் போகப் பாதை வேண்டுமா? வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஜவ்வரிசியும் கொலுசும் ஜவுளியும் அனுப்புகிற ஊர் இது. அதற்குப் புதிதாகத்தான் ஒரு சாலை போட வேண்டுமா? உளுந்தூர்பேட்டை வழியாக ஒன்று, கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக ஒன்று என ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. அவற்றை அகலப்படுத்தினால் போதாதா என்பது என் எண்ணம். ஆனால் வண்டிக் கணக்கு தெரிந்த பொறியாளர் ஒருவர் போதாது என்று காரணத்தோடு சொன்னால் மாற்றிக்கொள்வேன். காப்புக்காட்டையும் கிணற்றுப் பாசனத் தோட்டங்களையும் கிழித்துக்கொண்டு போகலாமா? கூடாது. இதில் மாற்றிக்கொள்ள எனக்கு நிறைய காரணம் தேவைப்படும். போலீஸை நிறுத்தி, அழுகிற பெண்களை ஓரம் தள்ளி, தென்னந்தோப்புக்குள் அளவுக்கல் நட்டார்களே, அது? அது தப்பு. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நாளைக்கே அந்தச் சாலையால் ஊர் செழித்தாலும் அது தப்புதான்.

இப்போது சொல், இவ்வளவுக்கும் சேர்த்து நான் எந்த ஒரு வார்த்தையைச் சொல்வது?

நீதிமன்றம் போன கதையையும் பார். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலை என்று அறிவிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது. அதோடு, முறைப்படி நிலம் எடுப்பதற்கு முன்பே வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாற்றியதைத் திருத்தி, நிலத்துக்காரர்கள் பெயருக்கே திருப்பச் சொன்னது. அதிகாரம் உண்டா என்பது ஒரு கேள்வி, அவசரப்பட்டு பட்டாவில் கை வைத்தது சரியா என்பது வேறு கேள்வி. தீர்ப்பு எனக்கு முழுக்கப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் கேள்விகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்த முறை பிடித்தது.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "இது மதில்மேல் பூனை வேலை." இல்லை மாப்ளே. மதில்மேல் உட்கார்ந்திருப்பவன் எதற்கும் பதில் சொல்லமாட்டான். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறேன். சிலவற்றில் உறுதி அதிகம், சிலவற்றில் குறைவு, அவ்வளவுதான். எல்லாவற்றிலும் ஒரே உறுதி வேண்டும் என்று கேட்டால் அங்கேதான் பொய் சொல்ல வேண்டி வருகிறது.

போன மாதம் பேத்தி, "ராஜாஜி நல்லவரா கெட்டவரா தாத்தா?" என்று கேட்டாள். சேலத்துக்காரனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். 1917இல் இந்த ஊர் நகராட்சித் தலைவர். முதலமைச்சர் ஆனதும் 1937 அக்டோபரில் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது நம் மாவட்டத்தில். வருமானம் குறைந்ததை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டதும் அவர்தான். அதே ஆட்சி 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது, அடுத்த வருஷமே கோயில் நுழைவுக்குச் சட்டம் கொண்டுவந்தது. 1953இல் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில் என்றார். 1965இல் இந்தி மட்டும் ஆட்சிமொழி ஆவதை எதிர்த்து நின்றவர்களில் அவரும் ஒருவர். இதையெல்லாம் ஒரு சொல்லுக்குள் எப்படி அடைப்பது? பேத்தியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பாதி நாள் திட்டத்தைப் பற்றி மட்டும், "அது அநியாயம், அதில் இரண்டு பேச்சு கிடையாது" என்றேன். செருப்புத் தைப்பவர் பிள்ளை பாதி நாள் செருப்புத் தைக்க வேண்டும் என்பதில் நடுநிலை தேடுகிறவன் யாருக்காகத் தேடுகிறான் என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் "அந்தப் பக்கமும் நியாயம் இருக்கு" என்று சொல்லிப் பழகியவர்களை எனக்குப் பிடிக்காது. அதுவும் யோசிக்காமல் தப்பிக்கும் வழிதான்.

பெரியாரை நினைத்துக்கொள். 1944இல் இதே சேலத்தில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. ராஜாஜியின் இந்தியையும் அந்தக் கல்வித் திட்டத்தையும் அவர் போல எதிர்த்தவர் யார்? ஆனாலும் ஒருவர் ஈரோட்டுக்கும் ஒருவர் சேலத்துக்கும் நகராட்சித் தலைவராக இருந்த காலத்து நட்பு விட்டுப்போகவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது தொண்ணூறைத் தாண்டிய பெரியார் சக்கர நாற்காலியில் வந்து அழுதார். அதற்காக அந்தப் பாதி நாள் கல்வித் திட்டம் சரி என்று ஒரு வார்த்தை சொன்னாரா? எதிர்ப்பில் ஒரு அணுவும் குறையவில்லை, பாசத்திலும் குறையவில்லை. கருத்துக்குக் கொடுக்கிற பதிலை ஆளுக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

மகள் சொல்லி ஒன்று தெரிந்துகொண்டேன். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக், 1960களில் மனச்சோர்வில் இருப்பவர்களின் எண்ணங்களைக் கவனித்தபோது, எதையும் "எல்லாம் அல்லது ஒன்றுமில்லை" என்று பார்க்கும் பழக்கத்தைக் கண்டாராம். ஒரு பரீட்சையில் மார்க் குறைந்தால் "நான் எதற்கும் லாயக்கில்லை." கேட்டதும் எனக்கு நம்மைப் போன்றவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். களைப்பிலும் பயத்திலும் கோபத்திலும் யாருக்கும் மனசு அப்படித்தான் போகிறது. அதுவும் பக்கத்தில் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம், நம் கருத்தை விட்டுவிட்டு நம் கூட்டத்தின் கருத்தைப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். உன் சண்டை நடந்தது கிரகப்பிரவேசப் பந்தியில் என்று எழுதியிருந்தாய் அல்லவா?

உன் மச்சான் போட்ட ஓட்டு எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் உன் அப்பா படுத்திருந்தபோது ராத்திரி ராத்திரியாக ஆஸ்பத்திரியில் விழித்திருந்தவர் அவர். ஓட்டைப் பற்றி விட்டுக்கொடுக்காதே, தேவையும் இல்லை. தனியாக உட்கார்ந்து, எந்த விஷயத்தில் உடன்பாடு, எந்த விஷயத்தில் கிடையாது என்று ஒவ்வொன்றாகக் கேள். கட்சிப் பெயரை எடுக்காமல் ரேஷன், பள்ளிக்கூடம், தண்ணீர் என்று பேசிப் பார். அப்புறமும் ஒத்துவராவிட்டால் வராமல் இருக்கட்டும், அவரோடு சாப்பிட்டுவிட்டு வா.

ஆடி முடிந்ததும் இங்கே வருகிறாய் என்று எதிர்பார்க்கிறேன். முட்டிக்கு மலைப்பாதை வளைவுகள் ஆகாது என்றால் கீழேயே இருக்கலாம். மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தால் இன்னும் சந்தோஷம், எனக்கும் அவரிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. நாளைக்கு குண்டு மாம்பழம் ஒரு பெட்டி பஸ் பார்சலில் போட்டுவிடுகிறேன், வந்து சேர்ந்ததும் போன் செய்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்