எண்ணியவன் ஒருவன்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விமானம் விழுந்து, பெரியவர்கள் யாரும் இல்லாத ஒரு தீவில் மாட்டிக்கொள்ளும் இங்கிலாந்துப் பள்ளிப் பையன்களின் கதை அது. ரால்ஃபிடம் தலைமை இருந்தது, பிக்கியிடம் அறிவு இருந்தது, இரண்டும் ஒரே பையனிடம் இருந்திருந்தால் அந்தத் தீவில் யாரும் செத்திருக்க மாட்டார்கள் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். நான் கல்லூரியில் படித்தபோது கிட்டத்தட்ட இதையேதான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். இப்போது என் மகளுக்கு அதே நாவல் பாடம். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து மறுபடி படித்தோம். படித்து முடித்த பிறகு, அன்று நான் எழுதிய பதில் தப்பு என்றுதான் தோன்றுகிறது.

தலைவனைத் தேர்ந்தெடுக்கும் காட்சியைக் கட்டுரையாளர் விரிவாகவே சொல்லியிருந்தார். நான் பாட்டுக் குழுவின் தலைவன், என்னால் உச்ச ஸ்தாயியில் பாட முடியும், அதனால் என்னைத் தலைவனாக்குங்கள் என்கிறான் ஜாக். பையன்களோ ரால்ஃபுக்குக் கை தூக்குகிறார்கள். அதுவரை யாராவது அறிவோடு ஏதாவது செய்திருந்தால் அது பிக்கிதான், தலைவன் மாதிரித் தெரிந்தவன் ஜாக்தான் என்று கோல்டிங் அந்த இடத்திலேயே வெளிப்படையாக எழுதிவிடுகிறார். ஆனாலும் ரால்ஃபுக்கு நல்ல உயரம், களையான முகம், ஒரு நிதானம். எல்லாவற்றுக்கும் மேலாக அவன் மடியில் சங்கு இருந்தது. அது சங்கு என்று அடையாளம் சொன்னவன் பிக்கி. எப்படி ஊத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவனும், ஊதினால் மற்றவர்கள் வந்து கூடுவார்கள் என்று யோசித்தவனும் அவனே. ஆஸ்துமா இருந்ததால் அவனால் ஊத முடியவில்லை, அவ்வளவுதான்.

இதற்குச் சற்று முன்னால் நடந்த ஒன்று கட்டுரையில் விட்டுப்போயிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் என்னைப் பிக்கி, அதாவது பன்றிக்குட்டி, என்று கூப்பிடுவார்கள், இதை யாரிடமும் சொல்லிவிடாதே என்று அந்தப் பையன் ரால்ஃபிடம் மட்டும் நம்பிச் சொல்லியிருந்தான். கூட்டம் சேர்ந்ததும் ஜாக் அவனைக் குண்டா என்று அதட்ட, அவன் பெயர் குண்டன் இல்லை, பிக்கி என்று ரால்ஃப் எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கிறான். கூட்டமே சிரிக்கிறது. அந்தச் சிரிப்பில் எல்லாரும் ஒன்றாகிவிடுகிறார்கள், பிக்கி மட்டும் வெளியே நிற்கிறான். ஓட்டெடுப்பு நடப்பது அதற்குப் பிறகுதான். பாட்டுக் குழுவைச் சேராதவர்கள் எல்லாரும் உடனே கை தூக்குகிறார்கள். பிக்கி மட்டும் கடைசியில், மனசில்லாமல் தூக்குகிறான். முதல் தடவை படித்தபோது இந்த ஒரு வரி என் கண்ணிலேயே படவில்லை.

கூட்டம் சேரச் சேர பிக்கி என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? ஒவ்வொரு பையனிடமும் போய்ப் பெயர் கேட்டு, நெற்றியைச் சுருக்கி ஞாபகம் வைத்துக்கொள்ளப் பார்த்தான். நம் மொழியில் எண்ணுவது என்றால் கணக்கெடுப்பது, யோசிப்பது இரண்டும்தான். பிக்கிக்கும் அவை இரண்டு வேலை இல்லை. எத்தனை பேர் இருக்கிறோம், சின்னப் பிள்ளைகள் யார் யார் என்று தெரியாமல் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாது என்பது அவனுக்கு மட்டும்தான் உறைத்தது. தீவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பும் ரால்ஃபும் அவனிடம், நீ போய்ப் பெயர்களை எழுது, அதுதான் உன் வேலை என்கிறான். அந்த வேலையைச் செய்ய விட்டார்களா? முதல் நாள் நெருப்பு என்றதும் மொத்தக் கூட்டமும் மலைக்கு ஓடுகிறது. ஜாக் பிக்கியின் மூக்குக்கண்ணாடியைக் கேட்காமலே பறிக்கிறான், ரால்ஃப் அதை வைத்துத் தீ மூட்டுகிறான். (கிட்டப்பார்வைக் கண்ணாடியால் வெயிலைக் குவித்துத் தீ மூட்ட முடியாது என்று இயற்பியல் படித்தவர்கள் சொல்வார்கள். சரிதான். கோல்டிங்குக்கு அது சறுக்கல்தான், ஆனால் பறித்த விதத்தை அவர் சரியாகவே எழுதியிருக்கிறார்.)

தீ கட்டுக்கடங்காமல் காட்டைப் பிடித்துக்கொள்கிறது. நான்தான் பெயர்ப் பட்டியல் எடுக்கச் சொன்னேனே என்று ரால்ஃப் அவன்மேலேயே குற்றம் சொல்கிறான். தனி ஆளாக எப்படி எடுப்பது, இரண்டு நிமிஷம் நின்றுவிட்டு எல்லாரும் சிதறிவிட்டார்களே என்கிறான் பிக்கி. அப்புறம் மூச்சுத் திணறத் திணற ஒரு கேள்வி கேட்கிறான்: முகத்தில் பெரிய மச்சம் இருந்த சின்னப் பையன் எங்கே? யாரும் பதில் சொல்லவில்லை. ரால்ஃப் மட்டும் எதையோ முணுமுணுக்கிறான். அந்தப் பையன் அதன் பிறகு கதையில் வருவதே இல்லை.

பிக்கி சொன்னது ஏன் எடுபடவில்லை என்பதற்கு அவன் பேச்சும் ஒரு காரணம். இங்கிலாந்தில் ஒருவன் வாயைத் திறந்தாலே எந்த வர்க்கம் என்று தெரிந்துவிடும். மிட்டாய்க்கடை வைத்திருக்கும் அத்தை வளர்த்த பையன், இலக்கணம் பிசகிய பேச்சு, ஆஸ்துமா என்ற சொல்லைக்கூட மற்றவர்கள் கேலி செய்யும்படி உச்சரிக்கிறான். கோல்டிங் சாலிஸ்பரியில் ஒரு ஆண்கள் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். எந்தப் பையன் பேசினால் வகுப்பு கேட்கும், எவன் பேசினால் சிரிக்கும் என்று தினமும் பார்த்திருப்பார்.

ரால்ஃபுக்கு அறிவில்லை என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாதி நாவலுக்குள் அவன் புரிந்துகொண்டுவிடுகிறான்: பிக்கிக்கு யோசிக்கத் தெரியும், படிப்படியாகப் போகத் தெரியும், ஆனால் அவன் தலைவன் ஆக முடியாது. அடுத்தவனின் அறிவை அடையாளம் காண்பதும் அறிவுதானே? ஆனால் அதை அவன் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறான். ஜாக் பிக்கியை அடித்து மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தை உடைத்துவிட்டு, அவனைப் போலவே பேசிக் காட்டும்போது, ரால்ஃபின் உதட்டிலும் சிரிப்பு எட்டிப் பார்க்கிறது. தன்மேலேயே அவனுக்குக் கோபம் வருகிறது. இந்தப் பையன் சொல்வதைக் கேளுங்கள் என்று முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்று அவன் சொன்னது பட்டப்பெயரைத்தான்.

பிக்கி மட்டும் தப்பே செய்யாதவன் என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டமாகச் சேர்ந்து சைமன் என்ற இன்னொரு பையனைக் கொன்ற மறுநாள், அது கொலை என்று ரால்ஃப் சொல்கிறான். இருட்டு, மழை, பயம், அது ஒரு விபத்து என்று காரணம் அடுக்குகிறவன் பிக்கி. அறிவு ஒருவனுக்கு, தலைமை ஒருவனுக்கு என்று கட்டுரையாளர் பிரித்த பிரிவு இந்த இடத்தில் நிற்காது. உண்மையை நேராகப் பார்க்கும் அறிவு அன்று ரால்ஃபிடம்தான் இருந்தது.

கடைசிப் பக்கங்களை மகள்தான் வாய்விட்டுப் படித்தாள். கடற்படை அதிகாரி கரையில் நிற்கிறார். பெயர், விலாசம் எல்லாம் ஒப்பித்துக்கொண்டே இருந்த சின்னப் பையன் ஒருவனுக்கு இப்போது தன் பெயரே ஞாபகம் வரவில்லை. யார் இங்கே தலைவன் என்று அதிகாரி கேட்க, நான்தான் என்று ரால்ஃப் சத்தமாகச் சொல்கிறான். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதற்கு மட்டும் அவனிடம் பதில் இல்லை. அதற்கும் முன்னால், யாரும் சாகவில்லையே என்று அதிகாரி கேட்டபோது அவன் சொன்னது: இரண்டு பேர்தான்.

மகள் படிப்பதை நிறுத்திவிட்டு விரல் விட்டு எண்ணினாள். "சைமன், பிக்கி... ஏம்மா, மச்சம் இருந்த அந்தக் குட்டிப் பையன்?"

அன்புடன்,
ஒரு வாசகி,
திருநெல்வேலி